எண்ணிக்கையில் ஒரு சிற்றூர்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

உலகெங்கும் மக்கள்தொகையைக் கணக்கிட வேண்டுமென்று அகுஸ்து சீசர் கட்டளையிட்டார் என்றும், அதன்படி ஒவ்வொருவரும் பெயரைப் பதிவு செய்யத் தத்தம் ஊருக்குச் சென்றனர் என்றும் லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். சூசையப்பரும் மரியன்னையும் நாசரேத்தை விட்டுப் பெத்லகேமுக்குப் பயணமானது அந்தக் கணக்கெடுப்பிற்காகத்தான். கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தில் ஆண்டுதோறும் சத்திரக்காரன் கதவைச் சாத்தும் காட்சியைக் கண்டு மகிழும் நாம், அந்தப் பயணத்திற்குக் காரணமான 'கணக்கெடுப்பு' என்ற சொல்லை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். "ஏதேனும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மக்கள்தொகை, வருமானம், இன அமைப்பு ஆகிய மூன்றும் எவ்வாறு மாறி வந்துள்ளன என்று ஆராயுங்கள். எண்களை எழுதினால் மட்டும் போதாது, அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்றும் எழுத வேண்டும்" என்றார்கள். சிறிய ஊராக இருந்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நாங்கள் எண்ணினோம். ஆகவே சிறிய ஊர்களிலெல்லாம் மிகச் சிறிய ஊரைத் தேடினோம். அப்படி அகப்பட்டதுதான் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த மொனோவி என்னும் கிராமம். 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகை 1. ஆம், ஒரே ஒருவர்!

வேலை சுலபமாக முடியவில்லை என்பதை இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது தோழியர் அறிந்துகொள்வீர்கள்.

ஊரின் பிறப்பு

நெப்ராஸ்கா அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள பரந்த புல்வெளி மாநிலம். அதன் வடகிழக்கில், தெற்கு டகோட்டா மாநில எல்லையை ஒட்டி, நையோபிராரா, மிசௌரி ஆகிய ஆறுகளுக்கு இடையே பாய்டு என்னும் வட்டாரம் உள்ளது. நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற இத்தகைய வட்டாரத்தை அங்கே 'கவுண்டி' என்று அழைக்கிறார்கள். 1902 இல் இருப்புப்பாதை அவ்வழியே நீட்டப்பட்டபோது மொனோவி கிராமம் தோன்றியது. சுற்றிலும் காட்டுப் பூக்கள் மலிந்திருந்தமையால், அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் மலரைக் குறிக்கும் சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்பர்.

இரயில் வந்ததும் தபால் நிலையம் வந்தது. மளிகைக் கடைகள் வந்தன. பள்ளியும் தேவாலயமும் எழுந்தன. சுற்றியுள்ள பண்ணைகளில் விளைந்த தானியத்தையும் வளர்ந்த கால்நடைகளையும் வெளியூருக்கு அனுப்பும் இடமாக ஊர் விளங்கியது.

மக்கள்தொகை

அமெரிக்காவில் 1790 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மொனோவியின் எண்ணிக்கையை வரிசையாகக் கீழே தருகிறோம்.

1930 இல் 123 பேர்
1940 இல் 99 பேர்
1950 இல் 67 பேர்
1960 இல் 40 பேர்
1970 இல் 16 பேர்
1980 இல் 18 பேர்
1990 இல் 6 பேர்
2000 இல் 2 பேர்
2010 இல் 1 நபர்

எழுபது ஆண்டுகளில் 123 பேர் 2 பேராகக் குறைந்தனர். எங்கள் வகுப்பிலும் பக்கத்து வகுப்பிலும் உள்ளவர்களை ஒன்றாக நிறுத்தி, இறுதியில் இருவரைத் தவிர மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டதாக நினைத்துப் பார்த்தோம். அப்போதுதான் அந்த எண்ணின் பொருள் எங்களுக்கு விளங்கியது.

இந்தப் பட்டியலோடு ஊரின் நிறுவனங்கள் மூடப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960 இல் தேவாலயத்தில் கடைசி அடக்கச் சடங்கு நடந்தது. 1967 க்கும் 1970 க்கும் இடையே தபால் நிலையமும் எஞ்சியிருந்த கடைசி மளிகைக் கடையும் மூடப்பட்டன. 1974 இல் பள்ளி மூடப்பட்டது. 1960 இலிருந்து 1970 க்குள் மக்கள்தொகை 40 இலிருந்து 16 ஆக, அதாவது 60 விழுக்காடு குறைந்தது என்பதை நோக்குக. மக்கள் போனதால் கடை மூடப்பட்டதா, கடை மூடப்பட்டதால் மக்கள் போனார்களா? இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது. வாங்குவோர் குறைந்தால் கடை நடவாது. கடையும் பள்ளியும் இல்லாத ஊரில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி வாழும்? கிணற்றின் கரை சரிவதைப் போல, ஒரு கல் விழ அடுத்த கல்லும் பிடிமானம் இழக்கிறது.

2000 ஆம் ஆண்டில் அங்கிருந்த இருவரும் கணவன் மனைவியர். 2004 இல் கணவர் காலமானார். அதன்பின் அம்மூதாட்டி ஒருவரே ஊரில் தங்கினார். அவரே ஊர்த் தலைவர், அவரே எழுத்தர், அவரே பொருளாளர். உணவும் மதுவும் விற்கும் கடை ஒன்றை அவர் நடத்தி வந்தார். அக்கடைக்கு உரிமம் வழங்க வேண்டியவரும் அவரே, பெற வேண்டியவரும் அவரே. தமக்குத் தாமே வரி விதித்து, அதைத் தாமே செலுத்தினார். ஊரின் நான்கு தெருவிளக்குகள் எரிவதற்கு அரசு நிதி வேண்டுமென்பதால் ஆண்டுதோறும் சாலைத் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பினார். கணவர் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 5,000 நூல்களைக் கொண்டு அவர் நினைவாக ஒரு நூலகமும் ஏற்படுத்தினார். ஒரு நபர் மட்டுமே உள்ள ஊரில் நூலகம்! பக்கத்து ஊர்களிலிருந்தும் தொலைவிலிருந்தும் வருவோருக்காக அது திறந்திருந்தது.

ஏன் குறைந்தது?

மொனோவியில் கொள்ளைநோய் வரவில்லை, போர் மூளவில்லை. பின்னர் ஏன் ஊர் காலியாயிற்று?

1862 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்திற்கு 160 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. குதிரையைப் பூட்டி உழுத காலத்தில் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் குடும்பம் முழுவதும் வேலை செய்ய வேண்டியிருந்தது. 1930 களில் பொருளாதார மந்தமும் கடும் வறட்சியும் ஒருங்கே வந்து பல பண்ணைகளை நொடித்துப் போகச் செய்தன. அடுத்து டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. பல குடும்பங்கள் செய்த வேலையை ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவரே செய்ய முடிந்தது. சிறு பண்ணைகள் விற்கப்பட்டுப் பெரிய பண்ணைகளோடு இணைந்தன. விளைச்சல் குறையவில்லை, விளைவிக்கத் தேவையான கைகளே குறைந்தன. இளைஞர் படிப்பிற்கும் வேலைக்கும் ஒமாகா, லிங்கன் போன்ற நகரங்களுக்குச் சென்றனர், திரும்பவில்லை.

இது மொனோவியின் கதை மட்டுமன்று. பாய்டு கவுண்டி முழுவதிலும் 2010 இல் 2,099 பேரும் 2020 இல் 1,810 பேரும் இருந்தனர். அதே பத்து ஆண்டுகளில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகையோ 18,26,341 இலிருந்து 19,61,504 ஆக உயர்ந்தது. மாநிலம் வளர்ந்தது, மாநிலத்தின் கிராமங்கள் தேய்ந்தன. 'மாநிலத்தில் மக்கள்தொகை பெருகியுள்ளது' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் படிப்பவர் மொனோவியைக் காணமாட்டார்.

வருமானம்

அடுத்து வருமானத்திற்கு வருவோம். அமெரிக்கக் கணக்கெடுப்பில் வருமானத்தைப் பற்றிய வினா முதன்முதலாக 1940 இல் கேட்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வரை குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு மட்டும் ஒரு நீண்ட படிவம் தந்து அதன்வழி வருமான விவரத்தைப் பெற்றனர். 2005 முதல் ஆண்டுதோறும் நடத்தப்படும் மாதிரி ஆய்வு அப்பணியைச் செய்கிறது. சிறிய ஊர்களில் ஓராண்டில் விடையளிப்போர் மிகச் சிலராகையால், ஐந்து ஆண்டு விவரங்களைச் சேர்த்து ஒரே மதிப்பீடாக வெளியிடுகின்றனர். அதனுடன் 'பிழை வரம்பு' என்று ஓர் எண்ணும் இருக்கும். ஊர் சிறியதாகச் சிறியதாகப் பிழை வரம்பு பெரியதாகும். இதை மறந்துவிட்டு, சிற்றூர் ஒன்றின் வருமானம் சென்ற முறையைவிட ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி, கணக்குப் பாடத்தில் நாம் படித்த கூட்டுச் சராசரியையும் இடைநிலை அளவையும் நினைவுபடுத்திக் கொள்வோம். ஒரு தெருவில் ஐந்து வீடுகள் உள்ளன என்றும், அவற்றின் மாத வருமானம் முறையே 8,000, 9,000, 10,000, 12,000, 1,61,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,00,000; ஐந்தால் வகுத்தால் சராசரி 40,000. ஆனால் அத்தெருவில் நாற்பதாயிரத்தை ஒட்டிய வருமானமுள்ள வீடு ஒன்றுகூட இல்லை! வரிசையில் நடுவே நிற்கும் 10,000 தான் இடைநிலை அளவு. அதுவே அத்தெருவின் நிலையை நேர்மையாகக் காட்டுகிறது. கணக்கெடுப்புத் துறையினர் குடும்ப வருமானத்திற்குப் பெரும்பாலும் இடைநிலை அளவைக் கையாள்வது இதனால்தான்.

ஆயினும் இடைநிலை அளவும் நம்மை ஏமாற்றக்கூடும். அதே தெருவில் 8,000 ரூபாய்க் குடும்பமும் 9,000 ரூபாய்க் குடும்பமும் பிழைப்புக்கு வழியின்றி ஊரைவிட்டுப் போய்விட்டன என்று கொள்வோம். எஞ்சியவை 10,000, 12,000, 1,61,000. இப்போது இடைநிலை அளவு 12,000. ஒருவருடைய ஊதியமும் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. ஆனால் 'தெருவின் இடைநிலை வருமானம் 2,000 ரூபாய் உயர்ந்தது' என்று அறிக்கை எழுதலாம்! ஏழைகள் வெளியேறியதால் ஊர் செழித்ததாகத் தோன்றும். ஆகவே வருமானப் போக்கைப் படிக்கும்போது, அதே ஆண்டுகளின் மக்கள்தொகைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நாங்கள் கற்ற முதற்பாடம்.

மொனோவியில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே குடும்பம் உள்ள ஊரில் 'ஊரின் இடைநிலை வருமானம்' என்று வெளியிட்டால், அது அந்தக் குடும்பத்தின் வருமானத்தையே ஊரறியச் சொல்வதாகும். கணக்கெடுப்பில் மக்கள் அளிக்கும் தனிப்பட்ட விவரங்களை வெளியிடக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். தனியாரின் பதிவேடுகள் 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளியிடப்படுகின்றன. 1950 ஆம் ஆண்டுப் பதிவேடுகள் 2022 இல்தான் வெளியாயின. நம் நாட்டிலும் 1948 ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களை இரகசியமாகக் காக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பில் வருமானம் கேட்கப்படுவதில்லை என்பதையும், உழவர், வேளாண் கூலித் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், மற்றத் தொழில் செய்வோர் என்று மக்கள் செய்யும் வேலையே கேட்கப்படுகிறது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இன அமைப்பு

மொனோவியின் இன அமைப்பு 2000 இலும் 2010 இலும் '100 விழுக்காடு வெள்ளையர்' என்று பதிவாகியுள்ளது. ஒருவர் மட்டுமே உள்ள ஊரில் எந்த விவரமும் நூறு விழுக்காடாகவோ சுழியாகவோதான் இருக்க முடியும். ஆகவே இதில் வியப்பில்லை என்று கூறிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போக நாங்கள் எண்ணினோம். அருட்சகோதரி எங்களை விடவில்லை. "ஊரின் பெயர் யாருடைய மொழிச் சொல்? அவர்கள் எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடி நூலகத்தில் மூன்று மாலைகள் அமர்ந்திருந்தோம்.

நையோபிராரா ஆற்றங்கரைப் பகுதியில் போன்கா என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். 1877 இல் அமெரிக்க அரசு அவர்களை அங்கிருந்து கட்டாயமாக வெளியேற்றித் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பகுதிக்கு அனுப்பியது. நெடும் பயணத்திலும் புதிய இடத்தின் நோயிலும் பலர் மாண்டனர். அவர்களின் தலைவருள் ஒருவரான 'நிற்கும் கரடி' என்னும் பெயருடையவர், இறந்த தம் மகனைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்ய விரும்பி, உடலைச் சுமந்துகொண்டு சிலருடன் வடக்கு நோக்கித் திரும்பினார். அனுமதியின்றி வந்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். 1879 இல் ஒமாகா நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பழங்குடியினரும் சட்டத்தின் பார்வையில் 'மனிதர்' என்று நீதிபதி தீர்ப்பளித்தார். ஒருவர் மனிதரா இல்லையா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த காலம் அது!

அதன் பிறகு கால் நூற்றாண்டுக்குள் இருப்புப்பாதையும் மொனோவியும் வந்தன. ஆகவே 'நூறு விழுக்காடு' என்பது தானே விளைந்த எண் அன்று. அதற்கு முன்னால் ஒரு கழித்தல் கணக்கு நடந்திருக்கிறது. விடையை மட்டும் பார்ப்பவர் அந்தக் கழித்தலைக் காண்பதில்லை.

இனம் என்ற கட்டத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1790 இல் சுதந்திரமான வெள்ளையர், ஏனைய சுதந்திர மக்கள், அடிமைகள் என்று பிரித்தே எண்ணினர். வரி செலுத்தாத பழங்குடியினர் எண்ணிக்கையில் சேர்க்கப்படவே இல்லை. 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் 'ஹிந்து' என்பது ஓர் இனமாகப் பதியப்பட்டது! அன்று இந்தியாவிலிருந்து சென்றவர்களில் சீக்கியர் மிகுதி, முஸ்லிம்களும் உண்டு. அவர்களையும் அந்தச் சொல்லாலேயே குறித்தனர். 1970 இல் இந்தியரை 'வெள்ளையர்' கணக்கில் சேர்த்தனர். 1980 இல்தான் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் தோன்றியது. 1940 இல் ஹிந்து, 1970 இல் வெள்ளையர், 1980 இல் ஆசிய இந்தியர்! இத்தனை காலமும் அங்கே வாழ்ந்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் தலைப்பாகையைக்கூட மாற்றியிருக்கமாட்டார். மாறியது படிவம்தான்.

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்ற உரிமை 2000 இல் வந்தது. அவ்வாறு குறித்தவர்கள் 2010 இல் நாட்டு மக்களில் 2.9 விழுக்காடு, 2020 இல் 10.2 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் இத்தனை கலப்பு மணங்களா என்று வியக்க வேண்டியதில்லை. வினா கேட்ட முறையையும் விடைகளைப் பகுத்த முறையையும் 2020 இல் மாற்றியதும் இந்த உயர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒரு போக்கைக் காணும்போது 'மக்கள் மாறினார்களா, அளவுகோல் மாறியதா' என்று கேட்க வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

வேலை அழைத்த ஊர்

மொனோவிக்கு நேர்மாறான எடுத்துக்காட்டையும் அதே மாநிலத்தில் கண்டோம். லெக்சிங்டன் என்னும் ஊரில் 1990 இல் 6,601 பேர் இருந்தனர். அவ்வாண்டு அங்கே பெரிய இறைச்சி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. 2000 இல் மக்கள்தொகை 10,011 ஆயிற்று. மெக்சிகோ முதலிய இலத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டோர் சிறுபான்மையாக இருந்த நிலை மாறி, 2000 இல் ஊரில் பாதிக்கு மேற்பட்டோராயினர். பின்னர் சோமாலியா நாட்டினரும் வந்து சேர்ந்தனர். வகுப்பறைகள் நிரம்பின, தேவாலயங்களில் ஸ்பானிய மொழித் திருப்பலி ஒலித்தது.

ஓர் ஊரின் இன அமைப்பு பெரும்பாலும் வேலையின் நிழலாகவே மாறுகிறது என்பதை இதனால் அறிகிறோம். அந்த ஆலையை 2026 ஜனவரியில் மூடப்போவதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வெளியானது. ஏறத்தாழ 3,200 பேர் அங்கே வேலை செய்து வந்தனர். அடுத்த கணக்கெடுப்பில் இவ்வூரின் எண்கள் எப்படி இருக்கும் என்பதை 2030 இல் எங்களில் யாரேனும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

வராமலே வந்த இரண்டாம் ஆள்

மொனோவியின் கதையில் ஒரு வேடிக்கை எஞ்சியுள்ளது. 2020 கணக்கெடுப்பு அவ்வூரின் மக்கள்தொகையை 2 என்று அறிவித்தது! 1 என்பது 2 ஆனால் வளர்ச்சி 100 விழுக்காடு. 2001 முதல் 2011 வரை நம் இந்தியா கண்ட வளர்ச்சியே 18 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியானால் மொனோவி நம்மைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விரைவாக வளர்ந்த ஊர் அன்றோ!

உண்மையில் யாரும் குடிவரவில்லை. அந்த மூதாட்டி ஒருவரே அப்போதும் இருந்தார். கணினியின் உதவியால் பல பட்டியல்களை ஒப்பிட்டு, இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று பிறர் கண்டுபிடித்துவிடக்கூடும் என்பதால், 2020 இல் சிறிய இடங்களின் எண்ணிக்கையில் வேண்டுமென்றே சிறு கூட்டல் கழித்தல்களைச் செய்து வெளியிட்டனர். மாநிலத்தின் மொத்தத்தில் கை வைக்கவில்லை. ஊர்களின் எண்ணிக்கையில்தான் இந்தச் சிறு கலப்பு. ஒரு நகரத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. மொனோவியிலோ ஊரே இரட்டிப்பாகிவிட்டது. தனிமையைக் காக்க வேண்டி உண்மையைச் சற்றே அசைத்திருக்கிறார்கள். இது சரியா, தவறா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வாதாடினோம். மணி அடித்தது, முடிவு கிட்டவில்லை.

இதிலிருந்து மூன்றாம் பாடம்: சிறிய எண்களை விழுக்காடாக்கும்போது எச்சரிக்கை வேண்டும். விழுக்காட்டைச் சொல்லும்போதெல்லாம் 'எத்தனை பேரில்' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊரை நோக்கி

இந்தக் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டியபோது விடுதித் தோழி ஒருத்தி எழுந்து, தன் பாட்டி அடிக்கடி சொல்லும் நிகழ்ச்சியைக் கூறினாள். 2011 கணக்கெடுப்பின்போது ஓர் ஆசிரியர் அவர்கள் வீட்டுக்கு வந்தாராம். வீட்டிலிருந்தோர் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு புறப்பட்டவரைப் பாட்டி மறித்து, "தம்பி, எம் மகன் பேர எழுதலையே?" என்றாராம். மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதால் எழுத முடியாது என்று அவர் விளக்கினாராம். "பொழைக்கத்தானய்யா போயிருக்கான், ஊர விட்டா போயிட்டான்? அவன் வீடு இது. எழுதிக்கிட்டுப் போ" என்று பாட்டி விடவில்லையாம்.

அந்த ஆசிரியர் செய்தது விதிப்படி சரியே. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரையிலான நாட்களில் முழுவதும் வெளியிலிருந்தவரை வீட்டில் எண்ணலாகாது. நம் காலத்துக் கணக்கெடுப்பு ஒருவர் இருக்கும் இடத்தில்தான் அவரை எண்ணுகிறது. அகுஸ்து சீசரின் கணக்கெடுப்பாக இருந்திருந்தால் மகன் தன் ஊருக்கு வந்து பெயரைப் பதிந்திருப்பான். பாட்டியும் மகனைக் கண்ணாரக் கண்டிருப்பார்!

அத்தோழியின் ஊர் மொனோவி அன்று. இன்னும் அங்கே கோயில் திருவிழா உண்டு. மாலையில் தெருவில் விளையாடும் சிறுவர்கள் உண்டு. ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன என்கிறாள். அவள் படித்த தொடக்கப் பள்ளியில் இப்போது பிள்ளைகள் குறைவு. "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மூடிடுவாங்களோ?" என்று அவள் கேட்டபோது வகுப்பில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. 2011 இலேயே தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். நாமும் மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஊரைவிட்டுப் போகத்தான் போகிறோம். போவது குற்றமன்று. ஆனால் போகிறவர்களுக்கு ஊரின்பால் கடமை ஒன்றும் இல்லையா?

2011 க்குப் பின் 2021 இல் நடக்க வேண்டிய நம் நாட்டுக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1 ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று அரசு 2025 ஜூனில் அறிவித்தது. 1931 க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதியினரையும் அதில் கணக்கெடுப்பர். அந்தப் பட்டியல் வெளியாகும்போது பத்திரிகைகள் விழுக்காடுகளை அடுக்கும். அவற்றைப் படிக்கும் முறையை மொனோவியிடம் நாங்கள் சிறிது கற்றுக்கொண்டோம்.

முடிவுரை

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போக, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப்போன ஆயனின் உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கணக்குப்படி பார்த்தால் அவனிடம் 99 விழுக்காடு மந்தை பத்திரமாக இருந்தது, கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவனோ விழுக்காட்டைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தான்.

கணக்கெடுப்பு வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. எண்ணாவிட்டால் எத்தனை பள்ளி வேண்டும், எத்தனை மருத்துவமனை வேண்டும் என்று எவ்வாறு அறிவது? எண்ணப்படாதவர் மறக்கப்படுவார். போன்கா மக்களின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது. ஆனால் எண்ணிய பிறகு அந்த எண்ணுக்குள் இருக்கும் முகத்தையும் நாம் தேட வேண்டும்.

நான்கு தெருவிளக்குகள் எரிய ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதிய அந்த மூதாட்டியை நாங்கள் கண்டதில்லை. காணப்போவதுமில்லை. ஆயினும் பயிற்சியை முடித்து ஏட்டை மூடியபோது, அவரும் தோழியின் பாட்டியும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போலவே எங்களுக்குத் தோன்றினார்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தோழியரே, இம்முறை ஊரில் பூட்டிய வீடுகள் எத்தனை, திறந்த வீடுகள் எத்தனை என்று எண்ணி வாருங்கள். திறந்த வீடு ஒவ்வொன்றிலும் சற்று உட்கார்ந்து பேசிவிட்டும் வாருங்கள்.